இரும்புச் சாவியும் இரண்டு நிமிடமும்

வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் கொடைக்கானல் பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று விழுகிறார், கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும். "ஃபிட்ஸ் வந்திருச்சு, யாராவது இரும்பு கொடுங்கப்பா!" என்று நாலு குரல் எழும். பைக் சாவியோ கடைப் பூட்டோ, எது கிடைக்கிறதோ அது வரும். இறுகிய விரல்களைப் பிரித்து உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். இழுப்பு தளர்ந்து நிற்கும். வாயோர நுரையைத் துடைத்துவிட்டு ஒருவர் சோடா வாங்க ஓடுவார். சாவிக்காரர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இரும்பு பட்டதும் எப்படி நின்னுச்சு பார்த்தீங்களா?" என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. சாவி கொடுத்தார், வலிப்பு நின்றது. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். சாவி கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க நம் ஊர் விடாது.

காக்காய் வலிப்புக்கு அக்குபங்சர் கேட்குமா என்ற கேள்வியின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு நிமிடத்துக்குள் இருக்கிறது. எனவே ஊசியைத் தொடுமுன் வலிப்பு ஏன் நிற்கிறது என்று பார்த்துவிடலாம். ஏன் வருகிறது என்பதைவிட எனக்கு அதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. தைப்பூசத்துக்குப் பழனி வரும் பாதயாத்திரைக் கூட்டத்தில் சாதாரண நேரத்தில் ஆளாளுக்கு ஒரு பேச்சு ஓடும். ஒருவர் கால்வலியைப் பற்றி, ஒருவர் வீட்டைப் பற்றி. எங்கிருந்தோ ஒரு 'அரோகரா' கிளம்பினால் எல்லாப் பேச்சும் அடங்கி, அத்தனை தொண்டையும் ஒரே குரலாகிவிடும். நரம்பணுக்கள் அப்படி ஒரே தாளத்தில் சேர்ந்து மின்துடிப்பு எழுப்புவதுதான் வலிப்பு. கைகால் அசைவைக் கவனிக்கும் பகுதியில் நடந்தால் கைகால் வெட்டும். வேறு பகுதியில் நடந்தால் ஆள் சிலையாக வெறித்துப் பார்ப்பார், சட்டைப் பொத்தானைத் திருகுவார், இல்லாத வாசனையை முகர்வார். வீட்டாருக்கு அது வலிப்பு என்றே தெரியாது. 'பிரமை பிடிச்சாப்ல நிக்கிறான்' என்பார்கள்.

அந்தக் கொந்தளிப்பை யார் அடக்குகிறார்கள்? மூளைதான். அணுக்கள் வெறியோடு வேலை செய்யும்போது அவற்றின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. செலவழிகிறது. செலவின் மிச்சமாக அடினோசின் என்ற பொருள் குவிகிறது. அது பக்கத்து அணுக்களின் வாயை அடைக்கும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைக்காக மூளைக்குள் நுண்குழாய் வைக்கப்பட்டிருந்த நோயாளிகளுக்கு வலிப்பு வந்தபோது அடினோசின் ஏறுவதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1992-இல் அளந்து காட்டினார்கள். இன்னும் பல தடுப்புகளும் சேர்ந்துகொள்கின்றன. மொத்தத்தில் வலிப்பு தன்னை அணைக்கும் தண்ணீரைத் தானே சுரந்துகொண்டு வருகிறது. அந்தத் தண்ணீர் போதாமல் ஐந்து நிமிடம் தாண்டினால் அது வேறு கதை. அப்போது ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து.

ஒரு தடவை வரும் வலிப்பு தானாக நிற்பதைப் போலவே, நோயும் ஏறி இறங்கும். ஒரு மாதம் நாலு தடவை வரும், அடுத்த மூன்று மாதம் எட்டிப் பார்க்காது. அடுக்கடுக்காக வந்து பயமுறுத்திய வாரத்தில்தான் வீட்டார் புது வைத்தியரைத் தேடிக் கிளம்புவார்கள். அதன் பிறகு வருவது பெரும்பாலும் இறங்குமுகம். அந்த இறக்கத்தின் புகழ் கடைசியாகப் பார்த்த வைத்தியரின் கணக்கில் ஏறும்.

இந்தக் கணக்கு நெடுங்காலமாக நடந்துவருகிறது. கொல்லி மழவன் என்ற சிற்றரசன் மகளுக்கு வந்த முயலகன் என்ற வலிப்பு நோயைத் திருச்சிக்குப் பக்கத்தில் திருவாசியில் திருஞானசம்பந்தர் பாடித் தீர்த்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. வழக்கமாக நடராசர் காலடியில் கிடக்கும் அசுரனுக்கும் முயலகன் என்றுதான் பெயர்; அந்தக் கோயிலில் அவர் காலடியில் முயலகன் இல்லை, பாம்புதான் இருக்கிறது. பழனிக்கு வந்தாலோ, ஊசி மருத்துவத்தின் தாய்நாடான சீனத்தோடு நேர் உறவு கொண்டாடும் ஒரு சித்தர் இருக்கிறார். மலைமேல் முருகன் சிலையை நவபாஷாணத்தில் செய்தவராகச் சொல்லப்படும் போகர் சீனத்துக்குப் போய்வந்தவர் என்றும், சீனத்திலிருந்தே வந்தவர் என்றும் இரண்டு விதமாகக் கதை வழங்குகிறது. அவர் சமாதியும் அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. சித்தர் மரபின் வர்மக்கலை உடலில் 108 புள்ளிகளைக் கணக்கிடுகிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. இதையும் அக்குபங்சர் புள்ளிகளையும் ஒட்டவைத்து, போகர் கொண்டுபோனார் அல்லது கொண்டுவந்தார் என்று எழுதுகிறவர்கள் நிறைய. கதையாகக் கேட்க எனக்கும் பிடிக்கும். சரித்திரம் என்று கையெழுத்துப் போட மாட்டேன்.

நமக்குத் தெரிந்த பாதை இதைவிடக் கிட்டத்தில் தொடங்குகிறது. 1938-இல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் இருந்தவர் டாக்டர் பிஜய் குமார் பாசு. அவர் 1950-களின் கடைசியில் மறுபடியும் சீனா போய் அக்குபங்சர் படித்துவந்து கல்கத்தாவில் தொடங்கினார். 2019-இல் மத்திய அரசு இதைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. தமிழ்நாட்டில் அதற்கு வெகு முன்பே ஊருக்கு ஊர் 'அக்கு ஹீலர்' வந்தாகிவிட்டது. ஊசியே இல்லாமல் ஒரு புள்ளியை விரலால் தொட்டு விடுகிற முறை இங்கே செல்வாக்கானது. அங்கீகாரம் என்பது தொழில் நடத்த அனுமதி. எந்த நோய்க்குக் கேட்கும் என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது.

ஹீலர்கள்தான் ஏமாறுவார்கள், ஆங்கில மருத்துவர் ஏமாற மாட்டார் என்று யாராவது நினைத்தால் வேலூர்க் கதையைச் சொல்ல வேண்டும். 1980-களில் சி.டி. ஸ்கேன் இந்தியாவில் பரவியபோது, வலிப்போடு வந்த பலரின் மூளையில் சின்னதாக ஒற்றைப் புள்ளி ஒன்று தெரிந்தது. காசநோய் மலிந்த நாடு. ஆகவே இது காசநோய்க் கட்டி என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் புள்ளி மறைந்திருந்தது. மருந்து பிடித்துவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. பிறகு பார்த்தால், காசநோய் மருந்து சாப்பிடாமல் வலிப்பு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் புள்ளி மறைந்துகொண்டிருந்தது! வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் சில நோயாளிகளின் கட்டியையே எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே இருந்தது பெரும்பாலும் செத்துக்கொண்டிருந்த நாடாப்புழு இளநிலை. பன்றி நாடாப்புழுவின் முட்டை, மனிதக் கழிவு கலந்த மண், தண்ணீர், கழுவாத காய் வழியே வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் ஏறி மூளையில் தங்குவது. பன்றிக்கறியைத் தொடாதவருக்கும் வரும். அந்தப் புழு சாகும்போது வலிப்பு வரும். செத்துக் கரைந்ததும் புள்ளி போய்விடும். காசநோய் மருந்துக்கு அதில் பங்கே இல்லை. பிற்காலத்தில் வேலூர் மாவட்டத்தில் எடுத்த கணக்கில், நடப்பில் வலிப்புள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழுதான் என்று தெரிந்தது. (கொடைக்கானல் மேல்மலைக் கேரட்டை வண்டியிலிருந்து வாங்கிப் பச்சையாகக் கடிக்கிறவர்கள் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள், நானும் கடிக்கிறவன்தான்.)

படித்தவர்கள், ஸ்கேன் கையில் வைத்திருந்தவர்கள், சாவிக்காரர் விழுந்த குழியிலேயே விழுந்தார்கள். ஏறி வந்தது எப்படியென்றால், மருந்து சாப்பிடாதவர்களையும் சேர்த்து எண்ணியதால்தான்.

ஊசிக்கும் அதே சோதனையைச் செய்யலாம் அல்லவா? நார்வேயில் செய்தார்கள். மாத்திரைக்கு அடங்காத வலிப்பு நோயாளிகள் 34 பேர். கடைசி வரை இருந்தவர்கள் 29 பேர். ஒரு பாதிப் பேருக்கு முறைப்படியான புள்ளிகளில் ஊசி, மறுபாதிக்கு எந்தப் புள்ளியிலும் சேராத இடங்களில் ஊசி. யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. 1999-இல் முடிவு வந்தது: இரண்டு தரப்பிலும் வலிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. அந்தக் குறைவு தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். சரியான புள்ளிக்குத் தனிப் பலன் எதுவும் தென்படவில்லை. ஊசி குத்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டிருந்தால் பலர் அக்குபங்சருக்குச் சாட்சி சொல்லியிருப்பார்கள், புள்ளி தவறிய பக்கத்திலிருந்தும்தான்.

உலகெங்கும் நடந்த இத்தகைய சோதனைகளை 2014-இல் காக்ரேன் அமைப்பு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. 17 சோதனைகள், 1,538 நோயாளிகள். பல சோதனைகள் சின்னவை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது மறைக்கப்படாமல் நடந்தவையும் உண்டு. வலிப்புக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்று அறிக்கை முடிந்தது. பயனே இல்லை என்று நிரூபணமானதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும்: புது வலிப்பு மருந்துகளின் சோதனைகளில் வெறும் மாவு மாத்திரை சாப்பிடுகிறவர்களிலேயே பத்தில் ஒருவருக்கு மேல் வலிப்பு பாதியாகக் குறைகிறது. எந்தச் சிகிச்சையும் அந்த வேலியைத் தாண்டிக் காட்ட வேண்டும்.

சரி, ஊசி குத்தினால் உடம்பில் ஒன்றுமே நடப்பதில்லையா? நடக்கிறது, இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலியின் முழங்காலுக்குக் கீழே உள்ள ஒரு பிரபலமான புள்ளியில் ஊசி செருகித் திருகினார்கள். அந்த இடத்துத் திசுவில் அடினோசின் 24 மடங்கு ஏறியது, வலி குறைந்தது. மூளையில் வலிப்பை அணைக்க வரும் அதே அடினோசின்! இதைப் படித்தவுடன் இரண்டு துண்டையும் ஒட்டவைக்கக் கை பரபரக்கும். ஆனால் ஊசி ஏற்றியது காலில். அணைக்க வேண்டியது மூளையில். கால் திசுவில் சுரந்தது அங்கேயே சில நொடியில் சிதைந்துவிடும் பொருள். (தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பி காலையில் நம்மை எழுப்புவதும் இந்த அடினோசினின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்வதால்தான்.)

அதைவிட நம்பிக்கையான வழி காதில் இருக்கிறது. மூளையிலிருந்து இதயம், நுரையீரல், வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பின் ஒரே ஒரு கிளைதான் வெளித்தோலுக்கு வருகிறது. அது வந்து சேரும் இடம் காதுத் துளையை ஒட்டிய குழிவு. பஞ்சுக்குச்சியால் காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வருவது இதனால்தான். கழுத்தில் இந்த நரம்பைச் சுற்றிக் கம்பி கட்டி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்த மின்கருவியால் விட்டு விட்டுத் தூண்டினால் வலிப்பு குறைகிறது. 1988-இல் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள், 1997-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது, இந்தியாவிலும் செய்கிறார்கள். பலருக்குப் பாதியாகக் குறைகிறது, முழுக்க நிற்பது சிலருக்கே.

கழுத்தைக் கிழிக்காமல் காதிலேயே அந்தக் கிளையைத் தூண்டினால் என்ன? ஜெர்மன் ஆய்வாளர்கள் 76 பேரிடம் பார்த்தார்கள். காதில் மாட்டும் கருவி. ஒரு தரப்புக்கு நொடிக்கு 25 துடிப்பு, மறு தரப்புக்கு ஒப்பீட்டுக்காக 1 துடிப்பு. 25 துடிப்புக்காரர்களுக்கு வலிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனாலும் மறுதரப்பைவிட அது மேல் என்று 2016 அறிக்கையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆராய்ச்சி தொடர்கிறது. காது அக்குபங்சரில் ஏதாவது உண்மை இருக்குமானால் அது இந்த நரம்பின் வழியாக இருக்கலாம் என்பது என் ஊகம். பழனியில் மொட்டை போட்டுக் காது குத்தும் குடும்பங்கள் இதைக் கேட்டு 'நம் முன்னோர் அப்போதே' என்று தொடங்கிவிட வேண்டாம். நாம் குத்துவது காதுச் சோணையில். சோணைக்கு வருவது கழுத்து நரம்பு, வேகஸ் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

இனிக் கொடைக்கானலுக்கு ஏறலாம். சோலையும் புல்வெளியுமாக இருந்த மலையில் வனத்துறை நட்ட அயல் மரங்களில் தைல மரமும் ஒன்று. கடைத்தெருவில் சாக்லேட்டுக்குப் பக்கத்தில் யூகலிப்டஸ் தைலத்தை அடுக்கி வைத்திருப்பார்கள். சளிக்கு, தலைவலிக்கு, மூட்டுவலிக்கு என்று வாங்காமல் இறங்குகிறவர்கள் குறைவு. அந்தத் தைலத்தில் பாதிக்கு மேல் சினியோல் என்ற பொருள். வலிப்பு நோயாளிக்கு ஊசியைவிட நான் பயப்படுவது இந்தப் பாட்டிலைத்தான்.

பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் தாமஸ் மேத்யூ, வலிப்போடு வருகிறவர்களிடம் வழக்கமாக யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்: தைலம், பாம், கற்பூரம் ஏதாவது பயன்படுத்தினீர்களா? தென்னிந்தியாவின் நான்கு மருத்துவமனைகளில் நான்கு ஆண்டுகள் கேட்டுத் தொகுத்த ஆய்வு 2021-இல் வந்தது. 350 பேரில் 55 பேருக்கு வலிப்புக்கும் யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த தைலத்துக்கும் தொடர்பு இருந்ததாக அது சொல்கிறது. சிலருக்கு அது வாழ்க்கையின் முதல் வலிப்பு. மற்றவர்களுக்கு மாத்திரையில் அடங்கியிருந்த நோய் திரும்பி வந்தது.

இங்கே நான் அளவுகோலை மாற்றிக்கொள்ளக் கூடாது. தைலம் தேய்த்தும் வலிப்பு வராத எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இந்த ஆய்வு எண்ணவில்லை. சாவிக்காரரின் சாட்சியத்தில் இருந்த ஓட்டை இதிலும் இருக்கிறது. சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிற ஒரு நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தூக்கமில்லை. மாத்திரை டப்பா பெட்டிக்குள் அடியில் மாட்டிக்கொண்டதால் ஒரு வேளை தவறிவிட்டது. கொண்டை ஊசி வளைவில் குமட்டல். பக்கத்து சீட் அம்மா, "இதை மோந்து பாருங்க தம்பி, சரியாயிடும்" என்று கைக்குட்டையில் தைலம் நனைத்துக் கொடுக்கிறார். மேலே இறங்கியதும் வலிப்பு. குற்றவாளி யார்? தூக்கமின்மையும் தவறிய மாத்திரையும் வலிப்பை இழுத்துவரும் என்பது நெடுநாள் தெரிந்த சங்கதி. தைலத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டால் நாமும் சாவிக்காரர்தான்.

அப்புறம் ஏன் நான் தைலத்தை நம்பாமல் இருக்கிறேன்? ஏனென்றால் கற்பூரம் வலிப்பை உண்டாக்கும் என்பதற்குத் தனியே பழைய சாட்சி இருக்கிறது. 1934-இல் புடாபெஸ்டில் மெதுனா என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவு நோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பை வரவழைத்துப் பார்த்தார். அதற்கு அவர் போட்ட ஊசி எண்ணெயில் கரைத்த கற்பூரம். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பு வருவதும் மருத்துவமனைகளுக்குப் பழகியது. தோலில் பூசும் மருந்தில் 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் சேர்க்க அமெரிக்கா அனுமதிப்பதில்லை. நாமோ தேங்காயெண்ணெயில் கட்டிக் கற்பூரத்தைக் காய்ச்சிக் கைக்குழந்தை நெஞ்சில் தேய்க்கிறோம். வலிப்பு உள்ள வீட்டில் இதைத் தவிர்ப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அக்குபங்சருக்கு வருவோம். சுத்தமான, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியோடு, பயிற்சி பெற்றவர் போட்டால் பெரிய கெடுதல் அரிது. ஊசி உடம்பில் இருக்கும்போதே வலிப்பு வந்தால் அது வளையலாம், ஆழமாக இறங்கலாம் என்பதால் நோயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நல்லதும் ஒன்று உண்டு. அரசு மருத்துவமனை ஓ.பி.யில் மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பப்படும் ஒருவரை, அங்கே அரை மணி நேரம் படுக்கவைத்து, தூங்கினாயா, சாப்பிட்டாயா, மனசு எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்கிறார். கல்யாணம் தட்டிப்போனதையும் வேலை பறிபோனதையும் சுமக்கிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. நம் ஓ.பி.களில் அந்த அரை மணி இருந்தால் பாதிப்பேர் வெளியே தேடிப் போக மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பயப்பட வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: "மாத்திரையை நிறுத்திடுங்க, அதுதான் விஷம்." வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், நிற்காத வலிப்பு வரலாம், உயிர் போகலாம். இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது. முறையாக மருந்து கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பே இல்லாமல் இருக்க முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த மாத்திரைகளில் ஒன்றான ஃபீனோபார்பிடோன் 1912 முதல் புழக்கத்தில் இருக்கிறது, விலையும் சொற்பம். மலைக் கிராமத்தில் சிக்கல் மருந்தின் விலையில் இல்லை. மாதா மாதம் ஒரு நாள் கூலியை விட்டுக் கீழே இறங்கி அதை வாங்கிவர வேண்டியிருப்பதில்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஊசி போட்டுப் பார்ப்போம் என்று தோன்றினால், முதலில் ஒரு அறுபது பக்க நோட்டு வாங்குங்கள். மூன்று மாதம் ஊசி இல்லாமல், வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம், முந்தின இரவுத் தூக்கம், தவறிய மாத்திரை, தேய்த்த தைலம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு மாத்திரையில் கை வைக்காமல் ஊசியைத் தொடங்கி, இன்னும் மூன்று மாதம் அதே நோட்டில் எழுதுங்கள். குறைந்திருந்தாலும் அது ஊசியால்தான் என்று ஒரு வீட்டு நோட்டு சொல்லாது. ஆனால் அதைப் புரட்டும் நரம்பியல் மருத்துவர், ஸ்கேனில் தெரியாத பலவற்றை அதில் பார்ப்பார். மாத்திரையின் அளவைக் கூட்டுவதா, நேரத்தை மாற்றுவதா என்று அதை வைத்தே முடிவு செய்வார்.